மணல்நிலத் தோட்டங்களிற் பூச்சிகாப்பு

புத்தளம் மாவட்டத்தின் கடலோரத்தே, இந்துமாகடலுக்கும் புத்தளக் களப்புக்கும் இடையே வடக்கு நோக்கி நீண்டு கிடப்பது கற்பிட்டிக் குடாநாடு. ஆலங்குடா, நுரைச்சோலை முதலாய ஊர்களின் மணற்பாங்கான தோட்டங்களில் மிளகாய், வெங்காயம், கத்தரி, பாகல் என்பன கிணற்றுநீர் கொண்டு விளைவிக்கப்படுகின்றன. இப்பயிர்களைப் பூச்சிகளினின்றும் காத்தல் எங்ஙனம் என்னும் வினாவுக்கு இந்நிலத்தின் இயல்பையறிந்தே விடை காணல் வேண்டும்.

குடாநாட்டின் நன்னீர், நிலத்தடியே உவர்நீரின்மேல் மிதக்கும் வில்லை போன்றதொரு படையாகும். மழைநீர் மணலூடு வடிந்தே அப்படை நிரம்புகின்றது. களிமண்ணைப் போலச் சேர்பொருள்களைப் பற்றி நிறுத்தும் ஆற்றல் மணலுக்கில்லை. தோட்டக் கிணறும் குடிநீர்க் கிணறும் ஊறுவது அவ்வொரு படையிலிருந்தேயாம். உலகச் சுகாதார நிறுவனம் குடிநீருக்கு வகுத்த நைத்திரேற்று எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம். பயிர்ச்செய்கை மிக்க இடங்களிலுள்ள கிணறுகள் சில அதனைக் கடந்தமையை ஆய்வுகள் காட்டியுள்ளன. பசளை சென்ற வழி நஞ்சுக்கு அடைபட்ட வழியன்று.

இனி, தெளிக்கும் மருந்து பூச்சியைச் சேர்கின்றதா என்பதையும் நோக்குவோம். கத்தரியின் தண்டையும் காயையும் துளைக்கும் புழு, முட்டையினின்று வெளிப்பட்ட சில மணி நேரத்துள் தளிரினுள்ளோ காயினுள்ளோ புகுந்து, துளையைத் தன் எச்சத்தால் அடைத்துக்கொள்ளும். அதன்பின் இலைமேல் விழும் மருந்து அதனைத் தீண்டுவதரிது; மாறாக, புழுவை உண்ணும் குளவிகளும் பொறிவண்டுகளுமே மடியும். பகை ஒழியாது, துணை ஒழியும்.

வாடித் தொங்கும் தளிரே புழு உட்புகுந்தமைக்கு அடையாளம். அத்தளிரைப் புழுவிருக்கும் இடத்துக்குக் கீழே நறுக்கி எரித்தல் வேண்டும். பெண் அந்துப்பூச்சி ஆணை அழைக்கச் சுரக்கும் மணப்பொருளை 1980களில் சீனாவிலும் இலங்கையிலும் அறிஞர் ஆய்ந்தறிந்தனர். அதனை வைத்த பொறிகளில் ஆண் பூச்சிகள் சிக்குமாதலின் இனப்பெருக்கம் குறையும். பாகல், புடலை, பீர்க்கு என்பவற்றைக் கெடுக்கும் பழ ஈயோ பிஞ்சினுள் முட்டையிடும். புழு முற்றி மண்ணினுட் சென்று கூட்டுப்புழுவாகும். ஆகவே பிஞ்சுக்குக் கடதாசி உறையிடுதலும், அழுகி வீழ்ந்தவற்றை அன்றாடம் பொறுக்கி ஆழப் புதைத்தலும் பயன்தரும். ஒருவர் தோட்டத்து ஈ அயலார் தோட்டத்துக்குப் பறக்குமாதலின், இவற்றை அயலவர் அனைவரும் ஒருங்கே செய்தல் இன்றியமையாதது.

இலங்கையில் 1980ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கப் பீடைகொல்லிகள் கட்டுப்பாட்டுச் சட்டம் மருந்துகளின் பதிவை நெறிப்படுத்துகின்றது. 2021இல் இரசாயனப் பசளைக்கும் பீடைகொல்லிக்கும் இறக்குமதித் தடை விதிக்கப்பட்டது. விளைச்சல் குன்றி, உழவர் எதிர்ப்பும் எழவே, அவ்வாண்டு நவம்பரிலேயே அது கைவிடப்பட்டது. மாற்றுமுறையைக் கற்பியாது மருந்தை மாத்திரம் விலக்குதல் உழவனைக் கைவிடுதலாகும் என்பதே அந்நிகழ்ச்சி உணர்த்துவது. மருந்து அறவே வேண்டாவென்பதன்று. ஏனைய வழிகள் பயனளியாதவிடத்து, குறித்த அளவில், அறுவடைக்கு முன் விடவேண்டிய இடைநாள்களைப் பேணி, இறுதியாகவே அதனைக் கொள்ளல் வேண்டும். கற்பிட்டி மணலில் இலைக்கு ஊற்றுவது நாளடைவில் கிணற்றைச் சேரும். எனவே பூச்சியின் வாழ்க்கைமுறையை அறிதல், அங்கு விளைச்சலோடு குடிநீரையும் காக்கும் அறிவாகும்.