எண்ணெய்க் குப்பியை நிறுத்தி வைக்கிற பிள்ளை
பிள்ளை மனம் – 11

நாகர்கோவில் பக்கத்து அடுக்களைகளில் சாதாரணமாகக் காதில் விழுகிற பேச்சுதான். “மக்கா, குப்பிய நிறுத்தி வையி. படுக்கப் போட்டா எண்ண கொட்டிரும்.” நாலு வயதுப் பிள்ளை குப்பியை நிமிர்த்தி வைத்துவிட்டு விளையாடப் போய்விடுகிறது. அப்படிச் சொன்ன ஆச்சியும் அதைப் பெரிதாக நினைப்பதில்லை.

நினைக்க வேண்டிய விஷயம் அது. புவனா நரசிம்மன், மரியன் குல்பெர்க் என்ற இரண்டு ஆய்வாளர்கள் ‘நிக்க வை’, ‘படுக்க வை’ என்ற இரு சொற்களைக் கையில் எடுத்துக்கொண்டு, தமிழ் பேசும் பிள்ளைகளையும் டச்சு பேசும் பிள்ளைகளையும் ஒப்பிட்டார்கள். 2011இல் முடிவு வெளியானது. பொருள்கள் நிமிர்த்தியும் கிடத்தியும் வைக்கப்படுவதை நாலைந்து வயதுப் பிள்ளைகளும் பெரியவர்களும் தங்கள் வார்த்தையில் சொல்ல வேண்டும், அவ்வளவுதான் சோதனை. டச்சு மொழியில் இந்தச் செயல்களுக்குத் தனித்தனி ஒற்றைச் சொற்கள் உண்டு. பிள்ளைகள் அவற்றை ஓயாமல் கேட்டுத்தான் வளர்கிறார்கள். தமிழ் வீடுகளிலோ பெரும்பாலும் ‘வை’, ‘போடு’ என்றே வேலை முடிந்துவிடும். நிக்க வைப்பதும் படுக்க வைப்பதும் பேச்சில் எப்போதாவதுதான் வரும்.

அதிகம் கேட்ட பிள்ளைகள்தான் நன்றாகச் சொல்வார்கள் என்று யாரும் எதிர்பார்ப்பார்கள். நடந்தது வேறு. தமிழ்ப் பிள்ளைகள் நாலு வயதிலேயே சரியாகச் சொன்னார்கள். டச்சுப் பிள்ளைகள் ஐந்து வயதிலும் தடுமாறினார்கள். காரணம் சொல்லின் அமைப்பில் இருக்கிறது. ‘நிக்க’ என்றால் பொருள் எப்படி இருக்கிறது என்று தெரிகிறது. ‘வை’ என்றால் யாரோ அப்படிச் செய்தார்கள் என்று தெரிகிறது. சொல்லின் இரு பாதிகளும் பொருளை வெளிப்படையாகக் காட்டிவிடுகின்றன. எத்தனை தடவை கேட்டோம் என்பதைவிட, கேட்டதைப் பிரித்துப் பார்க்க முடிகிறதா என்பதுதான் பிள்ளைக்கு முக்கியமாகப் படுகிறது.

பிள்ளைகளின் பேச்சைக் குறித்து வைப்பது பழைய வழக்கம். டார்வின் தன் மூத்த மகனைப் பற்றிய குறிப்புகளை 1877இல் வெளியிட்டார். சரியாக ஒரு வயதில் அந்தப் பிள்ளை சாப்பாட்டுக்கு ‘மம்’ என்று தானாகவே ஒரு சொல்லை உண்டாக்கியதாம். ‘மம்மு’ ஊட்டுகிற நம் வீடுகளில் அது வேற்றுச் சொல்லாகவே படாது.

தமிழ்ப் பிள்ளையின் பேச்சை ஒலிநாடாவில் பதிந்து ஆராய்ந்தவர் ஆர். நரசிம்மன். 1926இல் சென்னையில் பிறந்தவர். மும்பை டாடா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தில், இந்தியாவிலேயே வடிவமைத்துக் கட்டப்பட்ட ‘டிஃப்ராக்’ கணினியை உருவாக்கிய குழுவை நடத்தியவர். அந்த மனிதர் ஒன்பது மாதக் கைக்குழந்தை தன் வீட்டாரோடு பேசுவதை, அதற்கு இரண்டே முக்கால் வயது ஆகும்வரை தொடர்ந்து கவனித்தார். மொழி பெரியவர்களோடு கொடுக்கல் வாங்கலாகப் பழகும்போது எப்படி உருவாகிறது என்று விளக்குவதே அவருடைய நோக்கம். 1981இல் அதைப் புத்தகமாகவும் எழுதினார். அந்தப் பதிவு இன்று ‘சைல்ட்ஸ்’ என்ற உலகப் பிள்ளைப் பேச்சுக் களஞ்சியத்தில் தமிழுக்கென்று இருக்கிறது.

அதே தடத்தில் ஆர். வைத்தியநாதன் என்ற ஆய்வாளர் தமிழ்ப் பிள்ளைகளின் கேள்விகளைப் பற்றி 1988இலும், மறுப்பைப் பற்றி 1991இலும் எழுதினார். மறுப்பு என்பது நம் பிள்ளைகளுக்கு லேசான பாடம் அல்ல. ஆங்கிலம் பேசுகிற குழந்தை ஆரம்பத்தில் எல்லாவற்றுக்கும் ‘நோ’ ஒன்றையே வைத்துச் சமாளிக்கும். இங்கே பால் தீர்ந்துவிட்டால் ‘இல்ல’, பால் பிடிக்காவிட்டால் ‘வேண்டாம்’, குடிக்கச் சொன்னால் ‘மாட்டேன்’. தனக்கு என்ன தோன்றுகிறது என்பதைப் பிரித்தறியாமல் ஒரு பிள்ளை இந்த மூன்றையும் இடம் பார்த்துச் சொல்ல முடியாது. பிடிவாதம் என்று நாம் எரிச்சல்படுகிற வயதில் பிள்ளை இவ்வளவு நுட்பமான வேலையில் இருக்கிறது.

சொல்லின் விகுதிகளிலும் இந்த நுட்பம் தெரிகிறது. ராகவேந்திராவும் லெனார்டும் 1989இல் வெளியிட்ட ஆய்வு, தமிழ்ப் பிள்ளைகள் விகுதிகளை மிகச் சீக்கிரமாக, அதிகப் பிழையில்லாமல் பிடித்துக்கொள்கிறார்கள் என்று காட்டியது. துருக்கி மொழிப் பிள்ளைகளிடமும் இதையே கண்டிருக்கிறார்கள். அங்கும் சொல்லோடு உருபு ஒட்டி ஒட்டித்தான் வரும்.

இதைக் குமரி மாவட்டத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். கல்குளம், விளவங்கோடு பக்கத்துப் பிள்ளை ‘எனக்க புக்கு’, ‘அம்மைக்க சேலை’ என்று சொல்லும். அது உடைமைக்கு ஓர் உருபைக் கண்டுபிடித்து, புதிய சொற்களிலும் மாறாமல் ஒட்டத் தெரிந்துகொண்ட பிள்ளை. ஒன்றாம் வகுப்பில் ‘எனக்க’ என்றதும் வகுப்பே சிரித்தால், இலக்கணத்தைச் சரியாகக் கற்ற பிள்ளைதான் தலைகுனிகிறது. ‘என் புத்தகம்’ என்பதும் அதற்கு வேண்டியதுதான். இன்னொரு வழக்காக அதைச் சொல்லிக்கொடுக்கலாம், முன்னதைத் தப்பு என்று அடிக்க வேண்டியதில்லை. வட்டாரப் பேச்சுக்கும் முறையான இலக்கணம் உண்டு என்பது மொழியியலின் பாலபாடம். கேரளப் பல்கலைக்கழகத்தில் அந்தத் துறையை வளர்த்த வ. ஐ. சுப்பிரமணியம் நாகர்கோவில் வடசேரிக்காரர்தான்.

எல்லையோரப் பிள்ளைகளின் காதில் தமிழும் மலையாளமும் சேர்ந்தே விழுகின்றன. காதின் கதை பேச்சுக்கும் முந்தியது. ஜேனட் வெர்க்கரும் ரிச்சர்ட் டீஸும் 1984இல் வெளியிட்ட ஆய்வின்படி, ஆங்கில வீட்டுக் குழந்தைகள் ஆறு முதல் எட்டு மாதத்தில் இந்தியின் ட, த ஒலிகளைப் பிரித்துக் கேட்கிறார்கள். ஒரு வயதை நெருங்கும்போது அந்தத் திறன் மங்கிவிடுகிறது. வீட்டில் பேசப்படாத ஒலிவேற்றுமைகளைக் காது கழித்துவிடுகிறது. இரண்டு மொழி கேட்டால் பிள்ளை குழம்பும் என்று ஒன்றை நிறுத்தச் சொல்பவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

கேட்டது மட்டும் அல்ல, செய்ததும் நிற்கிறது. கரோலின் ரோவி-காலியர் தொட்டிலுக்கு மேல் பொம்மைச் சரம் தொங்கவிட்டு, அதைக் குழந்தையின் காலோடு நாடாவால் இணைத்தார். உதைத்தால் சரம் ஆடும். மூன்று மாதக் குழந்தை அதைக் கிட்டத்தட்ட ஒரு வாரம் நினைவில் வைத்திருந்தது. மறந்துபோன பிறகும், சரம் ஆடுவதை ஒரு முறை காட்டினால் மறுநாள் கால் மறுபடி உதைத்தது.

அப்படியானால் வளர்ந்தபின் நம்மில் யாருக்கும் தொட்டில் நாட்கள் ஏன் நினைவில் இல்லை? மூன்று வயதுக்கு முந்தையது எங்கே போனது? அதைப் பற்றிய ஆய்வுகள் அடுத்த இதழில்.