முந்நூறு வருஷத்துப் பென்சில் முகங்கள்

பென்சிலில் வரைந்த படம் எத்தனை வருஷம் தாங்கும் என்று ஒரு வாசகி கேட்டிருந்தார். முந்நூறு வருஷம் தாராளமாகத் தாங்கும். லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் ராபர்ட் ஒயிட் வரைந்த ஜான் பன்யனின் முகம் இருக்கிறது. ‘மோட்சப் பிரயாணம்’ எழுதி, அதன் வழியே நம் கிருஷ்ணபிள்ளையை ‘இரட்சணிய யாத்திரிகம்’ பாட வைத்த அதே பன்யன்தான். பதப்படுத்திய கன்றுத்தோலில் வெறும் கிராஃபைட்.

17ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில், செப்புத்தகட்டில் படம் செதுக்குகிறவர்கள் முதலில் இப்படிச் சின்னதாக ஒரு மாதிரி வரைந்துகொள்வார்கள். ஒயிட்டின் குரு டேவிட் லோகனும் செதுக்குகிறவர்தான். போகப்போக அந்த மாதிரிப் படமே வேண்டும் என்று ஜனங்கள் கேட்டு வாங்கிச் சட்டம் போட்டு வைத்துக்கொண்டார்கள்.

எனக்குப் பிடித்தவர் 1700ஐ ஒட்டி வரைந்த தாமஸ் ஃபார்ஸ்டர். உள்ளங்கைக்குள் அடங்கும் நீள்வட்டத்தில் பொய்முடியின் ஒவ்வொரு சுருளும் தனித்தனியாகப் புரளும். கழுத்துத் துணியின் லேஸைக் கிட்டத்தில் பாருங்கள். பளிச்சென்ற அந்த வெள்ளை, கரி படாமல் விட்ட வெறும் தோல். சுற்றிலும் மயிரிழைக் கோடுகளை நெருக்கி நெருக்கிப் போட்டே பூவேலையை எழுப்பியிருக்கிறார். அழிக்க ரப்பர்கூட இல்லாத காலம். 1770 வாக்கில்தான் ரப்பர் வந்தது. அதுவரை ரொட்டித் துணுக்குதான்.

அந்தக் கிராஃபைட்டும் சாமானியமானதில்லை. கம்பர்லாந்தின் பாரோடேல் மலையில், ரம்பத்தால் அறுத்துக் குச்சியாக்கும் அளவுக்குக் கெட்டியாகவும் சுத்தமாகவும் கிடைத்தது. பீரங்கிக் குண்டு வார்க்கும் அச்சுக்கும் அது தேவைப்பட்டதால், அதைத் திருடுவதைப் பெருங்குற்றமாக்கி 1752இல் தனிச் சட்டமே போட்டார்கள்.

நீர்வண்ணச் சிற்றோவியங்களில் கன்னத்துச் சிவப்பு வெளிச்சம் பட்டே வெளுத்துவிடும். கிராஃபைட் கரி, அதை வெளிச்சம் ஒன்றும் செய்யாது. ஆனால் மேலோடு ஒட்டி நிற்பதால் ஒரு விரல் தேய்த்தால் போதும், மூக்கும் வாயும் ஒன்றாகிவிடும். தோலுக்கோ ஈரம் ஆகாது. எதிர்வீட்டு வித்வானின் மிருதங்கம் மழைக்காலத்தில் படுத்தும் பாடு எனக்குத் தெரியும். இந்தப் படங்களின் தோலும் அப்படித்தான் நெளியும்.

இப்படி எளிதில் கெடும் படங்களையே அங்கே முந்நூறு வருஷம் காத்து வைத்திருப்பதை நினைக்கும்போது, நம் வீடுகளில் நடப்பது நெஞ்சை அறுக்கிறது. தாத்தாவைப் பென்சிலில் வரைந்த படத்தை ‘பாதுகாப்பாக இருக்கட்டும்’ என்று லேமினேஷன் கடைக்குக் கொண்டுபோகிறோம். சூட்டில் ஒட்டிய பிளாஸ்டிக்கைப் பிறகு உரித்தால் கோடும் கூடவே வந்துவிடும். தயவுசெய்து செய்யாதீர்கள். அமிலமில்லாத அட்டையில் விளிம்பு கட்டி, கண்ணாடி படத்தில் படாமல் சட்டம் போடுங்கள். ஓதம் ஏறும் சுவரில் மட்டும் மாட்டவேண்டாம்.