கால் ஒடிந்ததால் கதாசிரியர்!

ஏழு வயதுப் பையனுக்குக் கால் எலும்பு முறிந்தால் பெற்றவர்கள் என்ன செய்வார்கள்? "போதாத காலம்!" என்று தலையில் அடித்துக்கொள்வார்கள். ஆனால், "அன்று என் கால் ஒடிந்திராவிட்டால் ஜவுளிக் கடைச் சிப்பந்தியாகவே தேய்ந்து மடிந்திருப்பேன்" என்ற பொருள்பட, பிற்காலத்தில் சுயசரிதையில் எழுதினார் ஒருவர். அவர்தாம் விஞ்ஞான நாவல்களால் உலகப் புகழ் பெற்ற எச். ஜி. வெல்ஸ்.

இங்கிலாந்தில் பிராம்லி என்ற ஊரில் 1866-ல் பிறந்தார் வெல்ஸ். தகப்பனார் சிறு பீங்கான் கடை வைத்திருந்தார். வியாபாரத்தில் சூரர் அல்ல, கிரிக்கெட்டில் சூரர். அடுத்தடுத்த நான்கு பந்துகளில் நான்கு பேரை ஆட்டமிழக்கச் செய்தவர் என்றால் பாருங்களேன்! 1874-ல் பையனை ஒருவன் விளையாட்டாக மேலே தூக்கிப் போட்டான். பிடிக்கும்போது கை தவறிவிட்டது. கால் முறிந்து படுக்கையில் கிடந்த பையனுக்குப் புத்தகங்கள் வந்து குவிந்தன. அன்று பிடித்த படிப்புப் பைத்தியம் கடைசிவரை விடவில்லை.

ஆனால் படித்தால் மட்டும் வயிறு நிரம்புமா? தகப்பனாரும் ஒருநாள் விழுந்து தொடை எலும்பை முறித்துக்கொண்டார், குடும்பம் நொடித்தது. தாயார் ஒரு பெரிய மாளிகையில் வீட்டு நிர்வாகியாக வேலைக்குப் போனாள். பதினான்கு வயதுப் பையன் ஜவுளிக் கடைக்கு வேலை பழகப் போனான். தினம் பதின்மூன்று மணி நேரம் துணிகளைச் சுருட்டுவது, விரிப்பது, மறுபடி சுருட்டுவது! இரண்டு வருஷம் பொறுத்தான். ஒரு ஞாயிறு காலை சாப்பிடாமலே புறப்பட்டு, பதினேழு மைல் நடந்து தாயாரிடம் போய் நின்றான். "அந்தக் கடைக்குப் போவதைவிடச் செத்துப்போகிறேன்" என்று பிடிவாதம் பிடித்தான். கடைக்கு முன்பணம் கட்டிய அந்தத் தாயின் மனம் என்ன பாடுபட்டிருக்கும்! ஆனாலும் 1883-ல் பையனுக்கு விடுதலை கிடைத்தது.

பிறகு பள்ளிக்கூடத்தில் உதவி ஆசிரியர் வேலை. 1884-ல் உபகாரச் சம்பளத்துடன் லண்டனில் விஞ்ஞானப் படிப்பு. அங்கே உயிரியல் கற்பித்தவர் டார்வினின் தோழர் ஹக்ஸ்லி. 1893-ல் வெல்ஸ் ரத்தம் கக்கிப் படுத்தார். வகுப்பில் நின்று கத்த உடம்பு இடம் தராததால் பேனாவையே நம்பினார். 1895-ல் 'கால இயந்திரம்' வெளிவந்தது. பத்திரிகையில் தொடர்கதையாக வந்ததற்கு நூறு பவுன் சன்மானம்! அடுத்த மூன்றே ஆண்டுகளில் கண்ணுக்குத் தெரியாத மனிதனும், செவ்வாய் கிரகத்திலிருந்து படையெடுத்து வந்த பிராணிகளும் வாசகர்களைக் கதிகலங்க வைத்தன.

இவற்றைவிட எனக்கு வியப்பூட்டுவது, அவ்வளவாக யாரும் படிக்காத 1914-ம் வருஷத்து நாவல் ஒன்று. அதில் விமானத்திலிருந்து அணுகுண்டு வீசுகிறார்கள். ஆமாம், 1914-ல்! 1932-ல் அதைப் படித்தவர்களில் லியோ சிலார்ட் என்ற ஹங்கேரிய விஞ்ஞானியும் ஒருவர். மறு வருஷம் லண்டனில், அணுவைப் பிளக்கும் தொடர்வினை என்ற யோசனை அவருக்கு உதித்தது. உடனே அந்த நாவல் நினைவுக்கு வந்து அச்சமும் பிறந்தது. தம் காப்புரிமையை ரகசியமாக வைக்கும்படி பிரிட்டிஷ் கடற்படையிடமே ஒப்படைத்தார். பிறகு ஹிட்லரை முந்த வேண்டுமென்று அமெரிக்காவில் அணுகுண்டு வேலையில் அவரே சேர்ந்தார். 1945 ஜூலையில், ஜப்பான்மீது அதை வீச வேண்டாமென்று விண்ணப்பம் எழுதிச் சக விஞ்ஞானிகளிடம் கையெழுத்து வாங்கியவரும் அவரே.

ஆகஸ்டு 6-ந் தேதி ஹிரோஷிமாவில் குண்டு விழுந்தது. அப்போது வெல்ஸ் லண்டனில் நோயாளியாக இருந்தார். முப்பத்தொரு வருஷங்களுக்கு முன் தாம் கதையில் எழுதிய குண்டு நிஜமாகவே வெடித்துவிட்ட உலகில், இன்னும் ஒரு வருஷமும் ஒரு வாரமும் உயிரோடிருந்தார்.