விளக்கும் எரியணும், ரேடியோவும் கேட்கணும்!



ஹாம் ரேடியோ ரிசீவரைப் போட்டால் குரலுக்குப் பதில் 'கர்ர்ர்' என்று இரைச்சல்தான் வருகிறதா? உடனே ரிசீவரைக் கழற்றாதீர்கள். நான் அப்படித்தான் ரெண்டு வாரம் சால்டரிங் அயர்னும் கையுமா உட்கார்ந்திருந்தேன்.

ஒரு ராத்திரி கரண்ட் போச்சு. என் ரிசீவர் 12 வோல்ட் பேட்டரியில் ஓடுவது. இரைச்சல் சட்டென்று அடங்கி, 40 மீட்டர் பேண்டில் யாரோ 'சி.க்யூ.' என்று அழைப்பது கேட்டது. கரண்ட் வந்ததும் குரல் மறைந்தது. திருடன் வீட்டுக்குள்ளேயே!

இதுதான் முதல் சோதனை. ரிசீவரைப் பேட்டரியில் ஓடவிட்டு, மெயின் சுவிட்சை அணையுங்கள். இரைச்சல் நின்றால் காரணம் உங்கள் வீட்டில்தான். பிறகு மெயினைப் போட்டு, ஒவ்வொரு சுவிட்சாகப் போட்டுப் பாருங்கள்.

எங்கள் வீட்டில் மாட்டியது, அம்மாவின் தையல் மிஷினுக்கு மேலே தொங்கும் மலிவான எல்.இ.டி. பல்பு. அதன் உள்ளே இருக்கும் சர்க்யூட் கரண்டை நொடிக்குப் பல ஆயிரம் முறை வெட்டி வெட்டிக் கொடுக்கிறது. அதில் பிறக்கும் ஹார்மானிக்ஸ் 7 மெகாஹெர்ட்ஸையும் எட்டும். வீட்டு வயரே ஆண்டெனா மாதிரி அதைப் பரப்பும். மட்டமான செல்போன் சார்ஜரும் இதே ரகம்தான்.

"நீ கேக்குற நேரம் லைட்டை அணைச்சிடறேன் கண்ணு" என்றார் அம்மா. எங்க வீட்ல பத்தாவதைத் தாண்டின முதல் ஆள் நான். அந்த வெளிச்சத்தில் தைத்த காசுதான் என் செமஸ்டர் பீஸ். அதை அணைச்சிட்டு நான் என்னத்தைக் கேட்பது?

பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பல்பு வயரின் இரண்டு கம்பிகளையும் சேர்த்தே ஒரு ஃபெரைட் வளையத்தில் 8 சுற்று சுற்றினேன். பல்புக்கான கரண்ட் ஒரு கம்பியில் போய் மறு கம்பியில் திரும்புகிறது. வளையம் அதைத் தடுக்காது. இரைச்சல் இரண்டிலும் ஒரே திசையில் ஓடுகிறது, அது மாட்டிக்கொள்ளும். அடுத்து, சுவரை ஒட்டியிருந்த ஆண்டெனாவைக் கொல்லைப்புற வேப்பமரத்துக்கு மாற்றினேன். எஸ்-மீட்டர் முள் 7லிருந்து 3க்கு இறங்கியது. ஒரு எஸ் என்பது 6 டெசிபல். அப்படியென்றால் இரைச்சலின் வோல்டேஜ் ஏறக்குறைய 16ல் ஒரு பங்காகக் குறைந்தது!

2004 டிசம்பர் 26 சுனாமியின்போது அந்தமானிலிருந்து ஹாம்கள் செய்தி அனுப்பினார்கள். அப்படி வரும் மெல்லிய குரலை நம்ம வீட்டு பல்பு விழுங்கிவிடக் கூடாது.

சந்தேகமிருந்தால் எலக்ட்ரானிக்ஸ் லேபுக்கு வாங்க. என்னிடம் இன்னும் ரெண்டு வளையம் இருக்கு!

— மூன்றாம் ஆண்டு மாணவன், மின்னணுவியல் துறை