வடக்கே ஒரு சென்னை – 17: பீரோ சாவி

தண்ணீரில் நனைந்த நோட்டைக் காப்பாற்றிவிடலாம். பக்கம் பக்கமாகப் பிரித்து வெயிலில் வைத்து, மேலே ஒரு செங்கல்லை ஏற்றினால் இரண்டு நாளில் எழுதுகிற பதத்துக்கு வந்துவிடும். எண்ணெயில் ஊறிய நோட்டைப் பிரிக்கவே முடியாது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கமிருந்து எண்ணெய்க் கழிவு பக்கிங்காம் கால்வாயில் இறங்கி, கொசஸ்தலை ஆற்று முகத்துவாரம் வரை பரவியது. எர்ணாவூர் வீடுகளில் எண்ணெய் நின்ற உயரத்துக்குச் சுவரில் கறுப்புக் கோடு விழுந்தது. கட்டிலுக்கடியில் இருந்த புத்தகப் பைகள் எல்லாம் அந்தக் கோட்டுக்குக் கீழே.

அரையாண்டுத் தேர்வு தள்ளிப் போனது. பாடப்புத்தகத்தை இழந்த பிள்ளைகளுக்கு அரசு வேறு புத்தகம் கொடுத்தது. அதோடு அரிசி, பாய், போர்வை ஏற்றிவந்த வண்டிகளில் நோட்டுக் கட்டுகளும் வந்தன. ஒரு குப்பத்தில் நிவாரண வரிசையில் நின்ற ஒரு பையன் போர்வையை அம்மாவிடம் தள்ளிவிட்டு, நோட்டை மட்டும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓடியதைப் பார்த்தேன். கொடுத்த பொருள் கொடுத்த அன்றே வேலைக்குப் போனதை அபூர்வமாகத்தான் பார்க்க முடியும்.

ஏன் அபூர்வம்? எண்ணூர் பக்கத்துப் பள்ளிகளுக்குப் பொருள் வராமல் இல்லை. துறைமுகம், அனல்மின் நிலையம், தொழிற்சாலைகள் என்று சுற்றிலும் பெரிய கம்பெனிகள். 2014 ஏப்ரல் முதல், குறிப்பிட்ட அளவுக்கு மேல் லாபம் பார்க்கும் நிறுவனங்கள் மூன்றாண்டுச் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. கல்வியும் அந்தப் பட்டியலில் உண்டு. அரசும் புத்தகம், நோட்டு, சீருடை, பை, வண்ணப் பென்சில், ஜியாமெட்ரி பாக்ஸ், செருப்பு வரை விலையில்லாமல் தருகிறது. பொருள் வந்து சேர்ந்த பிறகு எங்கே போகிறது என்பதுதான் என் கேள்வி.

பெரும்பாலும் பீரோவுக்குள். ஆசிரியர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பள்ளிக்கு வரும் ஒவ்வொரு பொருளும் இருப்புப் பதிவேட்டில் ஏற வேண்டும். ஆய்வுக்கு வருகிறவர் எண்ணிப் பார்ப்பார். பூதக்கண்ணாடி பத்து என்று எழுதி ஒன்பது இருந்தால், பத்தாவதற்குத் தலைமையாசிரியர்தான் பதில் சொல்ல வேண்டும். பிறகு யார் அதைப் பிள்ளை கையில் கொடுப்பார்கள்? உலக உருண்டையின் பிளாஸ்டிக் உறையைக்கூடக் கழற்றாமல் வைத்திருந்த ஒரு பள்ளியில் காரணம் கேட்டேன். "சுத்தினா கழண்டுடும் சார்" என்றார்கள். உருண்டையைச் சுற்றாமல் இரவு பகலை எப்படிச் சொல்லிக்கொடுப்பது என்று கேட்க வாயெடுத்து அடக்கிக்கொண்டேன்.

இதே சென்னையில் இதற்கு நேர் எதிரான ஒரு காரியம் நடந்திருக்கிறது. 2003இல் மாநகராட்சி ஆணையராக இருந்த எம்.பி. விஜயகுமார் 13 மாநகராட்சிப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றலைத் தொடங்கினார். ரிஷிவேலி பள்ளியின் முறையைப் பார்த்து வந்த யோசனை அது. பாடம் சின்னச் சின்ன அட்டைகளாகப் பிரிந்தது. அட்டைகள் திறந்த அலமாரிக்கு வந்தன. பிள்ளையே எழுந்து போய்த் தன் அட்டையை எடுத்துவந்து பாயில் உட்கார்ந்து படித்தது. எனக்கு மிகவும் பிடித்தது, சுவரின் அடிப்பகுதியில் பிள்ளைகளுக்கென்று பூசிய கரும்பலகை. அதுவரை கரும்பலகை ஆசிரியரின் தோள் உயரத்தில் இருந்தது. பிள்ளை எக்கினாலும் எட்டாது. வகுப்பில் ஒரே இரைச்சல் என்று குறைப்பட்டவர்களும் உண்டு. இரைச்சல் இருந்தது உண்மைதான். எண்ணூர் அப்போது கத்திவாக்கம் நகராட்சிக்குள் இருந்தது, சென்னை மாநகராட்சியோடு சேர்ந்ததே 2011இல்தான். அதனால் 2007 வாக்கில் இந்த முறை மாநிலம் முழுக்கப் பரவியபோதுதான் இந்தக் கரைக்கும் வந்தது.

பொருள் மட்டும் போதுமா என்று உலகில் வேறு இடங்களிலும் அளந்து பார்த்திருக்கிறார்கள். 2019இல் பொருளாதார நோபல் பெற்ற மூவரில் ஒருவரான மைக்கேல் கிரீமரும் சகாக்களும் கென்யக் கிராமப் பள்ளிகளுக்குப் பாடநூல் கொடுத்துச் சோதித்தார்கள். ஏற்கெனவே நன்றாகப் படித்த பிள்ளைகளுக்கு மட்டுமே பலன் கிடைத்தது. நூல்கள் ஆங்கிலத்தில் இருந்தன. பெரும்பாலான பிள்ளைகளுக்கு அது மூன்றாவது மொழி. அடுக்குமாடிக் குடியிருப்புகளில் சேகரித்து எண்ணூருக்கு அனுப்பும் அட்டைப் பெட்டிகளைத் திறக்கும்போதெல்லாம் எனக்குக் கென்யா நினைவு வரும். பளபளக்கும் ஆங்கிலக் கதைப் புத்தகங்கள். வீட்டில் தமிழோ தெலுங்கோ பேசும் மூன்றாம் வகுப்புப் பிள்ளை படம் பார்த்துவிட்டு மூடிவிடும்.

ஆந்திரத்தில் நடந்த இன்னோர் ஆய்வு இதைவிடச் சுவாரசியமானது. அங்கே பள்ளிகளுக்கு நோட்டு, எழுதுபொருள் வாங்கப் பணம் கொடுத்தார்கள். முதல் வருஷம் மதிப்பெண் ஏறியது. இரண்டாம் வருஷம் ஏறவில்லை. பள்ளியில் கிடைக்கும் என்று தெரிந்ததும், பெற்றோர் தாங்கள் செலவழித்துவந்ததைக் குறைத்துக்கொண்டார்கள். அதில் தப்பு என்ன? மிச்சமான காசு வீட்டில் வேறொரு தேவைக்குப் போயிருக்கும். ஏப்ரல் 15 முதல் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். காசிமேட்டு விசைப்படகில் கூலிக்குப் போகிற வீட்டில் கை வற்றிக் கிடக்கும் ஜூனில்தான் பள்ளிக்கூடமும் திறக்கிறது. அந்த மாதம் கிடைக்கும் நோட்டு அந்த வீட்டுக்கு அரிசியும்கூட. ஆனால் யாரும் எதிர்பாராத டிசம்பரில் வந்த நோட்டு, எண்ணெயில் போன நோட்டின் இடத்தில் நேராகப் போய் உட்கார்ந்தது.

என்ன வேண்டும் என்று முதலில் கேட்டுவிட்டுக் கொடுக்கும் பழக்கம் நமக்குப் புதிதல்ல. 1958இல் பொதுக்கல்வி இயக்குநர் நெ.து. சுந்தரவடிவேலு தொடங்கிவைத்த பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளில் முதலாவது, இங்கிருந்து அதிகத் தூரமில்லாத கடம்பத்தூரில் நடந்தது. எந்தப் பள்ளியில் எது இல்லை என்று ஊரே பட்டியல் போட்டது. பிறகு ஆளுக்கொன்றாக ஏற்றுக்கொண்டார்கள். 2022 டிசம்பரில் தொடங்கிய 'நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி' திட்டமும் பள்ளியின் தேவையைப் பார்த்துக் கொடுக்கத்தான் சொல்கிறது. ஆனாலும் கொடுக்கிறவருக்கு ஸ்மார்ட் போர்டின் மேல்தான் கண். புகைப்படத்தில் அழிரப்பர் தெரியாதே!

பள்ளிக்கு என்ன வேண்டும் என்று ஓர் ஆசிரியையிடம் கேட்டேன். எண்ணூரில் ஒன்று, இரண்டாம் வகுப்பு எடுப்பவர். மேசையில் பழைய ஹார்லிக்ஸ் பாட்டில், அதில் விரல் நீளத்துக்குத் தேய்ந்த பென்சில்கள். பாதியைத் தன் காசில் வாங்கியிருக்கிறார். ஜூனில் வந்தது ஆகஸ்டிலேயே தீர்ந்துவிடுமாம்.

"பென்சில்தான் சார் வேணும். ஒரே தடவையா வேணாம், மாசா மாசம் கொஞ்சம். அப்புறம் ஒரு விஷயம்…" குரலைத் தாழ்த்திக்கொண்டார். "ரெஜிஸ்டர்ல ஏத்தாம குடுக்கச் சொல்லுங்க. பசங்க தொலைச்சிட்டுப் போவட்டும்."