போங்காட்டம்: சர்வரில் கள்ள ஆட்டத்தைப் பிடிக்கிற கருவிகள் பற்றிச் சில குறிப்புகள்

கோலிக்குண்டு ஆடினாலும் கிட்டிப்புள் ஆடினாலும், ஒருத்தன் கோட்டைத் தாண்டிக் கால் வைத்தால் "ஏய், போங்கு!" என்று நாலு பேர் கத்திவிடுவார்கள். நேரில் ஆடுகிற ஆட்டத்துக்கு அந்தக் கத்தலே போதும். ஆன்லைன் ஆட்டத்தில் எதிராளியின் கையும் தெரியாது, கண்ணும் தெரியாது. அவன் போன் அனுப்புகிற தகவல் மட்டும்தான் வந்து சேரும். கத்துவதற்குப் பதிலாகத்தான் இப்போது கருவிகள் இருக்கின்றன.

கீழவைப்பார்ப் பசங்க சிலர் சேர்ந்து நடத்துகிற சின்ன மைன்கிராஃப்ட் சர்வருக்குப் பதிவேடு பார்க்கிற வேலை என்னிடம் இருக்கிறது. அதற்காகப் படித்ததையும் பார்த்ததையும் ஒழுங்குபடுத்தி எழுதி வைக்கிற குறிப்பு இது. பொதுவாக இந்த விஷயத்தில் எல்லாரும் கேட்கிற கேள்வி, "கருவி எத்தனை பேரைப் பிடிக்குது?" என்பது. எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது இன்னொன்று: பிடிக்கக் கூடாதவனை அது விட்டுவிடுகிறதா? மழை மூட்டம் போட்டால் சிக்னல் படுத்துவிடுகிற கடற்கரை ஊரில் இது சும்மா கேட்கிற கேள்வி இல்லை.

மூன்று குவியல்

கருவிக்குப் போகும் முன் முத்துக்குளிப்புக்கு ஒரு நடை போய் வருவோம். தூத்துக்குடிப் பக்கம் 1961-ல் நடந்ததுதான் கடைசிப் பெரிய முத்துக்குளிப்பு. அதற்கு முன்னால், 1900-களின் தொடக்கத்தில், மன்னார் வளைகுடாவின் அந்தக் கரையில் இலங்கை மரிச்சுக்கட்டியில் நடந்த குளிப்புகளுக்கு நம் கரையிலிருந்தும் ஆட்கள் போனார்கள். அங்கே பங்கு பிரிக்கிற முறை இது: படகில் வந்த சிப்பியைக் குளியாட்களே மூன்று குவியலாகப் பிரிக்க வேண்டும். அரசாங்க ஆள் வந்து எந்த இரண்டு தனக்கு என்று கை காட்டுவார். மிஞ்சின ஒன்று குளியாட்களுக்கு.

எந்தக் குவியல் மிஞ்சும் என்று பிரிக்கிறவனுக்குத் தெரியாது. அதனால் சமமாகப் பிரிப்பதுதான் அவனுக்கே லாபம். யாரும் யாரையும் சந்தேகப்பட வேண்டாம், ஆனாலும் ஏமாற்ற வழியில்லை. ஆனால் கரைக்கு வருகிற வழியிலேயே சிப்பியைத் திறந்து முத்தை வாயில் ஒளித்துக்கொண்டால் இந்த முறை என்ன செய்யும்? ஒன்றும் செய்யாது. அதற்குப் படகில் காவலாள் வேண்டியிருந்தது.

ஆட்ட சர்வரிலும் இந்த இரண்டு வகைதான். முதல் வகை, ஏமாற்று எடுபடாதபடி ஆட்டத்தையே அமைப்பது. இரண்டாவது, ஆள் வைத்துப் பார்ப்பது. முதல் வகையில் எவ்வளவு முடிகிறதோ அவ்வளவையும் முடித்துவிட்டு, மிச்சத்துக்கு மட்டும்தான் காவலுக்குப் போக வேண்டும்.

சர்வர் போடுகிற கணக்கு

அடிப்படை விதி ஒன்றுதான்: ஆடுகிறவனின் கருவி சொல்வதை அப்படியே நம்பாதே. "என்னிடம் நூறு வைரம் இருக்கு" என்று போன் சொன்னால் சர்வர் ஏற்றுக்கொள்ளக் கூடாது. எத்தனை வைரம் என்கிற கணக்கு சர்வரிடம்தான் இருக்க வேண்டும். இதைச் சரியாகச் செய்த ஆட்டத்தில் பாதி ஏமாற்று அங்கேயே செத்துவிடும்.

நடமாட்டத்தில்தான் சிக்கல். மைன்கிராஃப்டில் ஒரு நொடி 20 துடிப்பாகப் பிரிந்திருக்கிறது. அதை டிக் என்பார்கள். சாதாரணமாக ஓடினால் நொடிக்கு ஏறக்குறைய 5.6 பிளாக் போகலாம். ஒருத்தன் நொடிக்கு 20 பிளாக் போனால் கருவி அவனைப் பழைய இடத்துக்கே இழுத்துவிடும். கேட்க எளிதாகத்தான் இருக்கு.

இப்போது எங்க ஊர்ப் பையன் ஒருத்தன் ஓடிக்கொண்டிருக்கிறான் என்று வையுங்கள். சிக்னல் 2 நொடி நின்றுவிடுகிறது. அவன் போன் இது தெரியாமல் ஓட்டத்தைத் தொடர்கிறது. சிக்னல் திரும்பியதும் அந்த 2 நொடியின் 40 தகவலும் மொத்தமாகச் சர்வரில் வந்து விழும். மட்டமான கருவிக்கு இது எப்படித் தெரியும்? ஒரே கணத்தில் 11 பிளாக் தாவினான்! உடனே "வேக ஹேக்" என்று முத்திரை குத்தி வெளியே தள்ளும்.

நல்ல கருவி இதை வேறு மாதிரி எண்ணுகிறது. ஒரு கணத்தில் எத்தனை தகவல் வந்தது என்று பார்க்காது, கடிகாரத்தோடு ஒப்பிட்டு மொத்தம் எத்தனை வந்தது என்று பார்க்கும். ஒரு நிமிஷத்துக்கு 1,200 நகர்வுதான் இருக்க முடியும். 2 நொடி காணாமல்போய் 40 சேர்ந்து வந்தால் கணக்கு நேராகிவிட்டது, தப்பில்லை. நிமிஷத்துக்கு 1,500 வந்தால் அவன் ஆட்டக் கடிகாரத்தையே வேகமாகச் சுற்றுகிறான். லேக் அந்தக் கூடுதல் 300-ஐ உண்டாக்க முடியாது. லேக்கால் தகவல் தாமதமாகும், ஆனால் பெருகாது. இந்த ஒரு வரியை எல்லா அட்மினும் மனப்பாடம் பண்ணி வைத்துக்கொள்ளலாம்.

கிரிம் போன்ற கருவிகள் இன்னும் ஒரு படி மேலே போகின்றன. நடுநடுவே சின்னச் சின்னத் தகவல் அனுப்பி, அதற்குப் பதில் வாங்கி, "இந்த நகர்வைச் செய்தபோது ஆட்டக்காரன் உலகத்தின் எந்த நிலையைப் பார்த்துக்கொண்டிருந்தான்" என்று கண்டுபிடிக்கும். பிறகு அதே நகர்வைத் தானே போட்டுப் பார்த்து ஒப்பிடும்.

தெரியக் கூடாததை அனுப்பாதே

சுவருக்குப் பின்னால் இருக்கிறவனைப் பார்ப்பது, மண்ணுக்குள் இருக்கிற வைரத்தைப் பார்ப்பது எல்லாம் தகவல் திருட்டு. இதற்கு அடிப்படைக் காரணம், சர்வரே அந்தத் தகவலைப் போனுக்கு அனுப்பியிருக்கிறது, திரையில் காட்டாமல் மறைத்திருக்கிறது, அவ்வளவுதான். மறைப்பை நீக்குவது பெரிய வித்தை இல்லை.

பேப்பர் என்கிற மைன்கிராஃப்ட் சர்வர் மென்பொருளில் இதற்கு இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, காற்றுப் படாமல் புதைந்திருக்கிற தாதுவை வெறும் கல் என்றே சொல்லி அனுப்புவது. இன்னொன்று, எங்கே பார்த்தாலும் பொய்த் தாதுவைக் கலந்து அனுப்புவது. இரண்டாவதில் எக்ஸ்ரே போட்டவனுக்கு உலகமே வைரமாகத் தெரியும், எது நிஜம் என்று தெரியாமல் முழிப்பான். வேலோரன்ட் ஆட்டத்திலும் எதிராளி கண்ணில் படப்போகிற சமயம் வரைக்கும் அவன் இருக்கிற இடத்தை அனுப்புவதில்லை.

பொய்த் தகவலைப் பொறியாகவும் வைக்கலாம். 2023 பிப்ரவரியில் வால்வ் நிறுவனம் டோட்டா 2-வில் இதைச் செய்தது. ஒழுங்காக ஆடுகிற எவருடைய கம்ப்யூட்டரும் படிக்கவே படிக்காத ஒரு மூலையில் சில தகவலை வைத்தார்கள். ஏமாற்று மென்பொருள் மட்டும்தான் அதைப் போய்த் தொடும். 40,000-க்கும் மேற்பட்ட கணக்குகள் தடையாயின. இதில் ஊகம் கிடையாது, லேக் கிடையாது. தொட்டாயா இல்லையா என்பது மட்டும்தான்.

பதிவேடு

சின்ன சர்வருக்கு உண்மையில் அதிகம் உதவுவது கோர்ப்ரொடெக்ட் மாதிரிப் பதிவேடுதான். யார், எப்போது, எந்தப் பிளாக்கை உடைத்தார், எந்தப் பெட்டியைத் திறந்தார் என்று எல்லாம் அதில் இருக்கும். கெடுத்ததைப் பின்னோக்கிச் சரி செய்யவும் முடியும். எக்ஸ்ரே போடுகிறவனின் சுரங்கத்தைப் பதிவேட்டில் பார்த்தால் கைரேகை மாதிரித் தெரியும். வைரத்துக்கு வைரம் நேர்கோடு, வழியில் தேவையில்லாத திருப்பம், கிடைத்ததும் அடுத்ததை நோக்கி வளைவு. ஒரு வைரம் அதிர்ஷ்டம். பத்துத் தடவை தொடர்ந்து அப்படிப் போனால் அதற்குப் பேர் வேறு.

கம்ப்யூட்டருக்குள் எட்டிப் பார்ப்பது

இனிக் காவலாள் வகை. வால்வின் விஏசி 2002-லிருந்து இருக்கிறது; தெரிந்த ஏமாற்று மென்பொருளின் அடையாளம் கம்ப்யூட்டரில் ஓடுகிறதா என்று பார்க்கும். 2020-ல் வந்த ரயட்டின் வேன்கார்ட், இயங்குதளத்தின் அடி ஆழத்தில், கம்ப்யூட்டரைப் போட்டதுமே உட்கார்ந்துகொள்கிறது. பிடிக்கிற சக்தி அதிகம்தான். ஆனால் ஒரு ஆட்டத்துக்காக வீட்டுச் சாவியையே கொடுக்கிற மாதிரி, என்று முணுமுணுத்தவர்களும் நிறைய.

இந்தியாவில் இந்த விஷயம் என்றாலே எல்லாருக்கும் நினைவு வருவது 2018 அக்டோபர். ஷாங்காய் நகரில் நடந்த கவுன்டர் ஸ்ட்ரைக் போட்டியில் ஆப்டிக் இந்தியா அணியின் 'ஃபோர்சேக்கன்' பிடிபட்டார். குறி வைக்க உதவுகிற மென்பொருள் 'வேர்ட்.எக்ஸ்இ' என்கிற அப்பாவிப் பேரில் ஓடிக்கொண்டிருந்தது. மேடையிலேயே நடுவர் வந்து கம்ப்யூட்டரைச் சோதிக்க வேண்டியதாயிற்று. அணியே கலைக்கப்பட்டது, அவருக்கு ஐந்து வருஷத் தடை. ஏமாற்றாத நாலு பேரின் பிழைப்பும் அன்றைக்கே போனது என்பதை அந்த நகைச்சுவைப் படங்களுக்கு நடுவில் பலர் கவனிக்கவில்லை.

எண்ணைப் பார்த்துச் சந்தேகப்படுவது

சில ஏமாற்றில் விதி எதுவும் மீறப்படுவதே இல்லை. 2021 ஜூனில் கோவிட் நிவாரணத்துக்காக விஸ்வநாதன் ஆனந்த் ஆன்லைனில் பிரபலங்களோடு செஸ் ஆடினார். அதில் ஜெரோதா நிறுவனர்களில் ஒருவரான நிகில் காமத் அவரை வென்றார். அடுத்த நாளே, கம்ப்யூட்டர் துணையும் ஆள் துணையும் இருந்தது என்று காமத்தே ஒப்புக்கொண்டார். செஸ்.காம் அவர் கணக்கை மூடிப் பின்பு திறந்தது. அந்த ஆட்டத்தில் ஒவ்வொரு நகர்த்தலும் விதிப்படி சரியானது. சர்வர் மறுக்க ஒன்றுமே இல்லை. மனுஷன் இவ்வளவு துல்லியமாக ஆடுவானா என்று எண்ணிக்கை வைத்துத்தான் கேட்க முடியும்.

எண்ணிக்கையில் ஒரு பள்ளம் இருக்கு. ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். 1,000 பேர் ஆடுகிறார்கள், அதில் 20 பேர் ஏமாற்றுகிறவர்கள் என்று வைப்போம். கருவி 100 ஏமாற்றுக்காரரில் 95 பேரைப் பிடிக்கும். நேர்மையானவர்களில் 100-க்கு 2 பேரைத் தவறாகப் பிடிக்கும். நல்ல கருவிதானே? இப்போது எண்ணுங்கள். 20-ல் 19 பேர் பிடிபடுவார்கள். மீதி 980 நேர்மையானவர்களில் சுமார் 20 பேரும் பிடிபடுவார்கள். பட்டியலில் 39 பேர். அதில் பாதிக்கு மேல் நிரபராதிகள்! கருவி கெட்டது என்பதால் இல்லை, நேர்மையானவர்கள் எண்ணிக்கையில் அதிகம் என்பதால்.

அதனால்தான் எண்ணிக்கைக் கருவி சொல்வதைத் தீர்ப்பாக எடுக்காமல் புகாராக எடுக்க வேண்டும். வால்வ் கவுன்டர் ஸ்ட்ரைக்கில் அப்படித்தான் செய்தது. 2013-ல் ஓவர்வாட்ச் என்று ஒரு ஏற்பாடு வந்தது. அனுபவமுள்ள ஆட்டக்காரர்கள் பேர் மறைத்த ஆட்டப் பதிவைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்வார்கள். பிறகு விஏசிநெட் என்கிற கற்கும் இயந்திரம் அதற்கு வழக்கு அனுப்பியது. 2018-ல் அவர்கள் சொன்ன கணக்கு: ஆட்டக்காரர் புகாரில் வந்த வழக்குகளில் 15 முதல் 30 சதவீதம்தான் குற்றம் என்று முடிந்தது, இயந்திரம் அனுப்பியதில் 80 முதல் 95 சதவீதம். தோற்றவன் எல்லாரும் "ஹேக்கர்" என்று கத்துவான் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டாம்.

தண்டனை யாருக்குப் போய்ச் சேருது?

ஐபி முகவரியைத் தடை பண்ணுவது அட்மின்களின் பழைய பழக்கம். மொபைல் நெட்டில் அது ஆபத்து. நிறுவனங்கள் ஒரே ஐபி முகவரியை நிறையப் பேருக்குப் பங்கிட்டுக் கொடுக்கின்றன. ஒருத்தனைத் தடுத்தால் அதே டவரில் இருக்கிற தெருவே வெளியே நிற்கும். நாளைக்கு அவனுக்கு வேறு முகவரி கிடைத்துவிடும், அவன் பழைய முகவரி ஒரு பாவப்பட்ட ஜீவனுக்குப் போகும்.

போனையே தடை பண்ணுகிற வழக்கமும் வந்துவிட்டது. பிஜிஎம்ஐ போன்ற ஆட்டங்களில் அது உண்டு. ஆளுக்கொரு போன் இருக்கிற வீட்டுக்கு அது சரி. அண்ணனும் தங்கச்சியும் ஒரே போனில் ஆடுகிற வீட்டில், அண்ணன் எங்கிருந்தோ ஒரு ஹேக் ஏபிகே இறக்கினால் தங்கச்சியின் ஆட்டமும் முடிந்தது. செகண்ட்ஹேண்ட் போன் வாங்கினவனுக்கு முந்தின சொந்தக்காரனின் பாவமும் சேர்ந்து வரும்.

சின்ன சர்வர் நடத்துகிறவர்களுக்கு நான் சொல்கிற வரிசை இது. முதலில் கணக்கு எல்லாம் சர்வரிடம் இருக்கட்டும். தெரியக் கூடாததை அனுப்பாதீர்கள். பதிவேட்டை முதல் நாளிலிருந்தே ஓட விடுங்கள். தானியங்கிக் கருவி ஆளைப் பழைய இடத்துக்கு இழுக்கலாம், அந்த அடியை ரத்து செய்யலாம். ஆனால் நிரந்தரத் தடை மட்டும் மனுஷன் கையில் இருக்கட்டும். தடை போடும் முன் இரண்டாவது ஆள் ஒருத்தர் பதிவேட்டைப் பார்க்கட்டும், யார் பேர் என்று தெரியாமல் பார்த்தால் இன்னும் நல்லது. கணக்கைத் தடை பண்ணுங்கள், ஐபியை வேண்டாம்.

எந்த நாள், எந்த நேரம், எந்தச் சோதனையில் மாட்டினான் என்பதைத் தடை பெற்றவனிடம் சொல்லுங்கள். சொன்னால் ஏமாற்றுகிறவன் உஷாராகிவிடுவான் என்று பெரிய நிறுவனங்கள் சொல்லும். லட்சக்கணக்கான பேரை வைத்து ஆட்டுகிறவர்களுக்கு அது ஓரளவு நியாயம். நாற்பது பேர் ஆடுகிற சர்வரில், சாயங்காலம் கடற்கரையில் அதே பையனை நேருக்கு நேர் பார்க்க வேண்டியிருக்கும். அவன் "நான் என்னண்ணே பண்ணேன்?" என்று கேட்டால், காட்டுவதற்குக் கையில் ஒரு பதிவு இருக்க வேண்டும்.