குருதியில் எல்லைக்கோடு உண்டா?

மரபணு ஆய்வாளரின் பட்டியல்களில் எஸ்.ரீ.யூ. என்றொரு குறியீடு உண்டு. ‘ஐக்கிய இராச்சியத்தில் வாழும் இலங்கைத் தமிழர்’ என்பதன் ஆங்கிலச் சுருக்கம் அது. 26 மக்கட் கூட்டங்களைச் சேர்ந்த 2504 பேரை ஆராய்ந்து 2015 இல் நிறைவுற்ற ‘ஆயிரம் மரபணுத்தொகுதி’த் திட்டத்தில் எம்மவர் 102 பேர் பெயர் குறிப்பிடப்படாது இடம்பெற்றனர். தாயகத்தில் அன்றி, புலம்பெயர்ந்த மண்ணில் வைத்தே நாம் இதில் எண்ணப்பட்டோம் என்பது கவனிக்கத்தக்கது.

இத்தகைய ஆய்வுகள் எம்மைப் பற்றிச் சொல்வது யாது? தோல் நிறத்தை எடுத்துக்கொள்வோம். இலண்டன் வீதிகளில் எம்மை முதலில் அடையாளங்காட்டுவது அதுவே. 2005 இல் அமெரிக்க ஆய்வாளர், கோடுகள் வெளிறிய ஒரு சிறு மீனை ஆராய்ந்து, மனிதரின் நிறத்தையும் பாதிக்கும் மரபணு ஒன்றைக் கண்டறிந்தனர். அதில் ஓர் எழுத்து மாறினால் தோல் வெளிறுகின்றது. ஐரோப்பியரில் ஏறக்குறைய அனைவரிடமும் அம்மாற்றம் உண்டு. எம்மவரிடையே அதனை உடையோரும் அற்றோரும் கலந்தே உள்ளனர். ஒரு வயிற்றிற் பிறந்த இருவர் நிறத்தால் வேறுபடுவதற்கு இதுவும் ஒரு காரணம். ஐரோப்பியரும் தெற்காசியரும் இம்மாற்றத்தை ஒரே மூதாதை வழியிற் பெற்றனர் என 2013 இல் வெளியான ஆய்வொன்று காட்டிற்று. மணமகள் தேவை விளம்பரத்திற் ‘சிவந்த நிறம்’ கேட்போர் இதனைக் கருத்திற் கொள்வாராக!

காதுக்குறும்பி உலர்ந்திருப்பதும் ஈரமாயிருப்பதுங்கூட ஓரெழுத்து வேறுபாடே என யப்பானிய ஆய்வாளர் 2006 இல் காட்டினர். கிழக்காசியரில் உலர்ந்தது மிகுதி, ஐரோப்பியரிலும் ஆபிரிக்கரிலும் ஈரமானது மிகுதி, தெற்காசியரில் இரண்டும் உண்டு.

ஆக, இவையெல்லாம் விகிதாசார வேறுபாடுகளே. ஒரு நாட்டின் எல்லையில் தொடங்கி மறு எல்லையில் முடியும் மரபணு எதுவுமில்லை. இது அகதிகளுக்கு வெறும் ஏட்டறிவன்று. 2009 இல் பிரித்தானிய எல்லை முகவரகம், சோமாலியர் எனக் கூறித் தஞ்சம் கோரியோரின் வாய்ச்சளியையும் முடியையும் நகத்தையும் சோதித்து, அவர்தம் நாட்டை அறிய ஒரு பரீட்சார்த்தத் திட்டத்தைத் தொடங்கியது. குடியுரிமை மரபணுவில் எழுதப்படுவதில்லை என அறிவியலாளர் கண்டித்தனர். திட்டம் பின்னர் கைவிடப்பட்டது.

கண்டித்தோருள் ஒருவர் லெஸ்ரர் பல்கலைக்கழகத்தின் அலெக் ஜெஃப்ரிஸ். மரபணுச் சோதனை எதைச் சொல்லும் என்பதை அவரே முன்னர் காட்டியிருந்தார். 1985 இல், கானாவிலிருந்து பிரித்தானியாவுக்குத் திரும்பிய சிறுவன் ஒருவனை அதிகாரிகள் அனுமதிக்க மறுத்தபோது, அவன் அத்தாயின் மகனே என்பதை அவரது சோதனை நிறுவியது. சிறுவன் தாயுடன் தங்கினான்.